ஒரு தரம், இரண்டு தரம்: இணைய ஏலத்தில் விற்கத் தொடங்குவோருக்கு

ஏலம் என்றதும் நம்மில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது கோயில்தான். திருவிழா முடிந்த இரவில் அம்மனுக்குச் சாத்திய புடவையையும் மாலையையும் எலுமிச்சம் பழத்தையும் ஒருவர் உயர்த்திப் பிடித்து, "ஒரு தரம், இரண்டு தரம்" என்று கூவுவார். சந்தையில் ஒரு வெள்ளிகூடப் பெறாத எலுமிச்சம் பழம் சில நூறு வெள்ளிக்குப் போகும். அந்த விலையை எந்தக் கடைக்காரரும் எழுதி ஒட்டவில்லை. அங்கே கூடியிருந்தவர்களின் விருப்பமும், அவர்களுக்குள் இருந்த போட்டியும் சேர்ந்து அந்த விலையை உண்டாக்கின. இணைய ஏலத்தின் அடிப்படையும் இதுவே. கூடுகின்ற மண்டபம் மட்டும் பெரிது. கேட்பவரின் முகம் தெரியாது. மூன்றாம் தரம் கூவுவது ஒரு கடிகாரம்.

மொழிக் கழகத்தின் மலர் என்பதால் சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. மலாயில் 'லெலோங்' என்கிறோம், தமிழில் 'ஏலம்' என்கிறோம். இரண்டும் வெவ்வேறு சொற்கள் போலத் தோன்றினாலும் இரண்டுக்கும் மூலம் ஒன்றே. போர்த்துகீசியரின் 'லெய்லாவ்' என்ற சொல்லே மலாக்காப் பக்கம் லெலோங் ஆகவும் தமிழ்க் கரையோரம் ஏலம் ஆகவும் ஆனது என்பது அகராதியாளர் கருத்து. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியும் அவ்வாறே குறிக்கிறது. அந்தப் போர்த்துகீசியச் சொல் அரபியிலிருந்து வந்தது. கப்பலில் வந்த சொல் ஆதலால், இன்று கம்பியில்லா இணைப்பில் உலவுவதில் வியப்பில்லை.

1995ஆம் ஆண்டு செப்டம்பரில் பியேர் ஒமிட்யார் என்ற கணினி வல்லுநர் கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரில் ஓர் ஏலப் பக்கத்தைத் தொடங்கினார். அதில் முதலில் விற்பனையானது பழுதடைந்த ஒரு லேசர் சுட்டுக்கருவி. விலை 14 டாலர் 83 காசு. பழுதானது என்று தெரிந்தேதான் ஒருவர் வாங்கினார். அந்தப் பக்கமே 1997இல் ஈபே என்ற பெயரைப் பெற்றது. இரண்டாயிரமாம் ஆண்டுகளில் நம் வட்டாரத்திலும் இந்த அலை வீசியது. மலேசியாவில் லெலோங், சிங்கப்பூரில் யாஹூ ஏலம் ஆகியவை அக்கால மாணவர்களுக்கு நன்கு அறிமுகமானவை. விடுதி அறையில் இருந்துகொண்டே பழைய கைத்தொலைபேசியை விற்றுப் புதியதை வாங்கிய அண்ணன்மார் இன்று முன்னாள் மாணவர்களாக இம்மலரை வாசித்துக்கொண்டிருக்கலாம்.

பிறகு காற்று திசை மாறியது. 2000களின் இறுதிக்குள் ஈபேயிலேயே நிலையான விலை விற்பனை ஏலத்தை முந்திவிட்டது. அமெரிக்காவில் யாஹூ ஏலம் 2007இல் மூடப்பட்டது. 2012இல் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகப் பட்டதாரிகள் மூவர் கரோசலைத் தொடங்கினர். 2015இல் ஷோப்பி வந்தது. இவை ஏலத் தளங்கள் அல்ல. புதிய கைத்தொலைபேசி உறையை வாங்க ஏழு நாள் காத்திருக்க யாருக்கும் பொறுமையில்லை. அப்படியானால் ஏலம் செத்துவிட்டதா? இல்லை. விலை இன்னதென்று யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாத பொருள்களுக்கு ஏலமே இன்றும் சிறந்த வழி. பழைய நாணயம், தாள்நோட்டு, அஞ்சல்தலை, இசைத்தட்டு, அச்சில் இல்லாத நூல், பழைய கேமரா, விளம்பரத் தகடு போன்றவை இவ்வகை. ஈபே இன்றும் இவற்றுக்கான பெரும் சந்தை. உள்ளூர்ச் சேகரிப்பாளர்கள் முகநூல் குழுக்களிலும் ஏலம் விடுகிறார்கள். ஆகவே, முதல் விதி எளிது. ஒரே மாதிரி ஆயிரம் இருப்பதை நிலையான விலைக்கு விற்க வேண்டும். ஒன்றே ஒன்று இருப்பதை ஏலத்தில் விட வேண்டும். முந்தைய பருவத்தின் பாடநூலை ஏலத்தில் விட்டுக்கொண்டிருப்பது வீண் வேலை. அதற்குக் கரோசல் போதும், துறை அறிவிப்புப் பலகை இன்னும் நல்லது.

விலை எப்படி ஏறுகிறது?

தொடக்க நிலையில் பலர் புரிந்துகொள்ளாமல் விடுவது இந்தப் பகுதியைத்தான். ஆகவே சற்று விரிவாகப் பார்ப்போம்.

ஈபேயில் ஒருவர் விலை கேட்கும்போது, தாம் கொடுக்கத் தயாராக இருக்கும் உச்சத் தொகையை எழுதுகிறார். அது மற்றவர்க்குத் தெரியாது. அவருக்காகக் கணினியே தேவைப்படும் அளவு மட்டும் படிப்படியாக விலையை ஏற்றுகிறது. எடுத்துக்காட்டாக, நீங்கள் ஒரு பழைய நாணயத்தை 5 அமெரிக்க டாலரில் தொடங்குகிறீர்கள். முதலாமவர் தம் உச்சமாக 20 டாலர் எழுதுகிறார். வேறு யாரும் இல்லாததால் திரையில் விலை 5 டாலராகவே நிற்கும். இரண்டாமவர் 12 டாலர் எழுதுகிறார். இந்த விலை மட்டத்தில் ஒரு படி என்பது அரை டாலர். ஆகவே விலை 12 டாலர் 50 காசுக்கு ஏறும். முன்னணியில் இருப்பவர் முதலாமவரே. கடைசி நிமிடத்தில் மூன்றாமவர் வந்து 40 டாலர் எழுதுகிறார். விலை 20 டாலர் 50 காசில் நிற்கிறது, பொருள் அவருக்கே.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மூன்றாமவர் 40 டாலர் கொடுக்கத் தயாராக இருந்தார். ஆனால் உங்களுக்குக் கிடைத்தது இருபதரை. விலையை முடிவு செய்தது வென்றவரின் ஆசை அல்ல. தோற்றவர்களில் முதல்வரின் ஆசை. 1961இல் வில்லியம் விக்ரி என்ற பொருளாதார அறிஞர் இத்தகைய இரண்டாம் விலை ஏலத்தை ஆராய்ந்து கட்டுரை எழுதினார். 1996இல் அவருக்கு நோபெல் பரிசு அறிவிக்கப்பட்டது. அறிவிப்பு வந்த மூன்றாம் நாள் அவர் காலமானார். அஞ்சல்தலைச் சேகரிப்பாளர்கள் அவருக்கு வெகு காலத்துக்கு முன்பே அஞ்சல்வழி ஏலங்களில் இம்முறையைக் கையாண்டு வந்தனர் என்பதும் சுவையான செய்தி.

விற்பவருக்கு இதனால் விளையும் பாடம், ஒரு நல்ல வாங்குநர் போதாது என்பது. இருவர் வேண்டும். ஒருவர் மட்டுமே வந்தால், அவர் எவ்வளவு ஆசைப்பட்டாலும் பொருள் தொடக்க விலைக்கே போகும். மேற்சொன்ன நாணயம் 5 டாலருக்குப் போயிருக்கும். எனவே தொடக்க விலையை எழுதும்போது, 'இந்த விலைக்குப் போனாலும் கொடுத்துவிடுவேனா?' என்று தம்மையே கேட்டுக்கொள்வது நல்லது. ஒரு டாலரில் தொடங்கினால் கூட்டம் சேரும் என்பது உண்மைதான். ஆனால் அது பலரும் தேடும் பொருளுக்கே பொருந்தும். உலகில் பத்துப் பேர் மட்டும் தேடும் தமிழ் நூலுக்கு ஒரு டாலர்த் தொடக்கம் சூதாட்டம். அந்தப் பத்துப் பேரில் எத்தனை பேர் அந்த வாரம் கணினியைத் திறந்தார்கள் என்பதைப் பொறுத்து உங்கள் கதி அமையும்.

கடைசி நொடியில் விலை கேட்பவர்களைப் பார்த்துப் புதியவர்கள் பதறுவதுண்டு. அது குற்றமன்று. ஏலம் முடியும் நேரம் மாறாத தளங்களில் இப்பழக்கம் இயல்பாகவே வளரும். 2002இல் வெளிவந்த ஆல்வின் ராத், ஆக்சல் ஓக்கன்ஃபெல்ஸ் ஆகியோரின் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. கடைசி நேரத்தில் யாரேனும் கேட்டால் ஏலத்தைப் பத்து நிமிடம் நீட்டிய அமேசான் ஏலத்தில் இப்பழக்கம் குறைவாகவும், நீட்டாத ஈபேயில் அதிகமாகவும் இருந்தது. ஆறு நாள் விலை அசையாமல் கிடந்தது என்று வருந்தி ஏலத்தை இடையில் நிறுத்திவிடாதீர்கள். ஏழாம் நாள்தான் ஏலம்.

அந்த ஏழாம் நாள் எப்போது முடிகிறது என்பதும் உங்கள் கையில் உள்ளது. ஏழு நாள் ஏலம் தொடங்கிய அதே கிழமை, அதே மணியில் முடியும். ஞாயிறு இரவு சாப்பிட்டுவிட்டு 9 மணிக்கு நீங்கள் தொடங்கினால், அடுத்த ஞாயிறு அமெரிக்கக் கிழக்குக் கரையில் காலை 8 அல்லது 9 மணிக்கு முடியும். பலர் படுக்கையை விட்டு எழுந்திருக்கமாட்டார்கள். மாறாக, திங்கள் காலை 9 மணிக்குத் தொடங்கினால் அங்கே ஞாயிறு இரவு 8 அல்லது 9 மணி. குடும்பமே வீட்டில் இருக்கும் நேரம். திங்கள் காலை விரிவுரை இருப்பவர்கள் முதல் நாளே எல்லாவற்றையும் தயார் செய்து வைத்துக்கொள்ளலாம்.

விற்பதற்கு முன் வாங்குக

புதிதாகக் கணக்குத் திறந்தவுடன் விற்க முற்படுவது உசிதமன்று. உங்கள் பெயருக்குப் பக்கத்தில் சுழியம் நிற்கும்போது யார் நம்பிப் பணம் அனுப்புவார்? முதலில் இரண்டு மூன்று சிறு பொருள்களை வாங்குங்கள். ஓர் அஞ்சல்தலைக் கட்டு, ஒரு பழைய அஞ்சலட்டை போதும். நல்ல விற்பனையாளர் எப்படிப் பொதிகிறார், எப்படி எழுதுகிறார் என்பது கையில் பொட்டலம் வந்து சேரும்போது புரியும். உங்களுக்கும் நற்சான்று சேரும்.

நற்சான்றுக்குப் பணமதிப்பு உண்டா என்று சோதித்தே பார்த்திருக்கிறார்கள். பால் ரெஸ்னிக் முதலியோர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், நெடுநாள் நற்பெயர் கொண்ட ஓர் அஞ்சலட்டை விற்பனையாளர் ஒரே தரமுள்ள அட்டைகளைத் தம் பழைய பெயரிலும் புதுப் பெயர்களிலும் விற்றார். பழைய பெயருக்கு வாங்குநர்கள் நூற்றுக்கு 8.1 விழுக்காடு கூடுதலாகக் கொடுக்க முன்வந்தனர். 2008 முதல் ஈபேயில் விற்பவர் வாங்குபவருக்கு எதிர்மறைச் சான்று அளிக்க முடியாது. கண்காணிப்பு ஒருவழிப்பாதை என்பதை மனத்தில் கொள்ள வேண்டும். புதிய விற்பனையாளருக்கு மாத வரம்பும் உண்டு. முதல் சில விற்பனைகளின் பணம் சில வாரம் வரை நிறுத்திவைக்கப்படலாம். விடுதிக் கட்டணத்துக்கு நாளையே பணம் வேண்டும் என்ற நிலையில் இத்தொழிலைத் தொடங்க வேண்டாம்.

விலையை அறிவதற்கு ஒரே நம்பகமான வழி, 'விற்பனையானவை' என்ற வடிகட்டியைப் பயன்படுத்துவது. யார் வேண்டுமானாலும் ஒரு நாணயத்துக்குப் பத்தாயிரம் வெள்ளி என்று எழுதி வைக்கலாம். அது அவருடைய கனவு. விற்ற விலைதான் செய்தி. அவ்வப்போது சமூக ஊடகங்களில் "இந்தப் பழைய காசு உங்களிடம் இருந்தால் நீங்கள் இலட்சாதிபதி" என்று வரும் தகவல்கள் பெரும்பாலும் கனவு விலையைப் பார்த்து எழுதியவையே.

வீட்டில் என்ன இருக்கிறது?

நம் வீடுகளில் தேடினால் கிடைப்பவற்றைச் சொல்கிறேன். மலாயாவின் சதுர வடிவ ஒரு காசு நாணயம் பல தாத்தாக்களின் பெட்டியில் இருக்கும். அழகானது, ஆனால் அரியதன்று. ஜப்பானியர் ஆட்சிக் காலத்து நோட்டுகளும் அப்படியே. பத்து வெள்ளி நோட்டில் வாழை மரம் இருப்பதால் 'வாழைமர நோட்டு' என்று நம்மவர்கள் அழைப்பார்கள். தொடக்கத்தில் அச்சிட்டவற்றில் வரிசை எண் இருக்கும்; பின்னர் வந்தவற்றில் எழுத்து மட்டுமே. எண் உள்ளவற்றுக்கே மதிப்புக் கூடுதல். நினைவுப் பொருளாக அச்சிட்ட போலிகளும் ஏராளம். மலேசியாவின் 500, 1,000 ரிங்கிட் நோட்டுகள் 1999 ஜூலை 1 முதல் செல்லாதவை ஆயின, சேகரிப்பாளர்கள் தேடுகிறார்கள். சிங்கப்பூரில் 1967 முதல் 1976 வரை வெளிவந்த ஆர்க்கிட் மலர் வரிசை நோட்டுகளுக்கும் தனி வட்டம் உண்டு. இசைத்தட்டு என்றால், எண்பதுகளின் இளையராஜா தட்டுகளுக்குக் கனடா, இலண்டன் தமிழரிடையே மட்டுமன்றித் தமிழறியாத இசைப் பித்தர்களிடையேயும் வரவேற்பு இருக்கிறது.

இங்கே ஒரு வேண்டுகோள். பழைய நாணயமோ பித்தளைச் சாமானோ கிடைத்தால், தயவுசெய்து அம்மாவிடமோ பாட்டியிடமோ கொடுத்துவிடாதீர்கள். புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று கொண்டு வந்து வைப்பார்கள். பூசையறைக் குத்துவிளக்குக்கு அது அழகு. நாணயத்துக்கு அது சாவு. பல ஆண்டுகளாக உலோகத்தின்மேல் படிந்த நிறமே அதன் அசல் தன்மைக்குச் சாட்சி. தேய்த்த நாணயத்தைச் சேகரிப்பாளர் ஒரே பார்வையில் கண்டுகொள்வார். விலை பாதிக்கும் கீழே போய்விடும். தேய்க்காதீர்கள், பூசாதீர்கள், ஓரத்தைப் பிடித்தே எடுங்கள்.

விற்கக்கூடாதவையும் உண்டு. தந்தத்தில் செய்த வளையல், சிமிழ் போன்றவற்றை ஈபே 2009 தொடக்கத்திலிருந்து அனுமதிப்பதில்லை. அரிய விலங்குகளின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு உடன்படிக்கையும் குறுக்கே நிற்கும். மலேசியாவின் தேசிய மரபுடைமைச் சட்டம் 2005 மரபுப் பொருள்களை உரிமம் இன்றி வெளிநாட்டுக்கு அனுப்புவதைத் தடுக்கிறது. இந்தியாவிலிருந்து வந்த ஓலைச்சுவடி, செப்புத் திருமேனி என்றால் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் நினைவில் இருக்க வேண்டும். நூறாண்டு கடந்த கலைப்பொருளும் எழுபத்தைந்து ஆண்டு கடந்த சுவடியும் அச்சட்டத்தின்கீழ் வரும். எந்த வழியில் வந்தது என்று சொல்ல இயலாத திருமேனியைத் தொடாமல் இருப்பதே அறிவுடைமை. நிழற்படி எடுத்த பாடநூல்களை விற்பது பதிப்புரிமைச் சட்டம் 1987ஐ மீறும் செயல் என்பதை வளாகத்தில் யாரும் பொருட்படுத்துவதில்லை, தளங்கள் பொருட்படுத்தும்.

சட்டம் தடுக்காத, ஆனால் நான் விற்க வேண்டாம் என்று சொல்லும் பொருள்களும் சில உள்ளன. தோட்டத் தமிழ்ப்பள்ளியின் பழைய ஆண்டுமலர், ஒரு சங்கத்தின் கூட்டக் குறிப்பேடு, உள்ளூர் எழுத்தாளர் சொந்தக் காசில் அச்சிட்ட கவிதை நூல், தாத்தா கட்டி வைத்த பழைய நாளிதழ்கள். தோட்டங்கள் மறைந்தன, பள்ளிகள் இடம் மாறின, 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019இல் நின்றுவிட்டது. இவற்றில் சில ஒற்றைப் படியாகவே மிஞ்சியிருக்கக்கூடும். ஏலத்தில் இருபது முப்பது டாலருக்கு யாரோ ஒருவரின் அலமாரிக்குள் அது போய்விட்டால், இந்நாட்டுத் தமிழர் வரலாற்றை எழுத வருபவர் எங்கே போய்த் தேடுவார்? சிங்கப்பூரில் தேசிய நூலகம் தமிழ் முரசின் பழைய இதழ்களை மின்வடிவில் பார்க்கத் தந்துள்ளது. 2015இல் தமிழ் மின்மரபுத் திட்டத்தின்வழி சிங்கப்பூர்த் தமிழ் நூல்களும் மின்னாக்கம் பெற்றன. மலேசியாவில் அத்தகைய பணிக்கு இன்னும் நிறைய இடம் இருக்கிறது. இத்தகைய பொருள் கையில் கிடைத்தால் முதலில் பல்கலைக்கழக நூலகத்தில் காட்டுங்கள். குறைந்தது பக்கம் பக்கமாகப் படியெடுத்துக்கொண்ட பிறகாவது விற்பதைப் பற்றி யோசியுங்கள். இரண்டு படி இருந்தால் ஒன்றை விற்பதில் எனக்கு மறுப்பில்லை.

படமும் எழுத்தும்

வாங்குபவரால் பொருளைத் தொட்டுப் பார்க்க முடியாது. ஆகவே படமே விரல். சன்னலோரம் காலை வெளிச்சத்தில், மின்னொளி இல்லாமல், வெறும் வெள்ளைத் தாள்மேல் வைத்து எடுத்தால் போதும். முன்பக்கம், பின்பக்கம், ஓரம், பக்கத்தில் ஓர் அளவுகோல். குறை இருக்கும் இடத்தை நெருக்கமாக ஒரு படம் எடுங்கள். நூலானால் பூச்சி அரித்த துளை, கழன்ற அட்டை, உள்ளே யாரோ எழுதிய பெயர் எல்லாவற்றையும் காட்டுங்கள். குறையைச் சொன்னால் விலை குறையும் என்று அஞ்சுவோர் உண்டு. மறைத்த குறை பொட்டலத்தோடு திரும்பி வரும். அப்போது இரு வழி அஞ்சல் செலவும் உங்களுடையது.

தலைப்புக்கு ஈபே தருவது 80 எழுத்து இடங்கள். அதில் 'அருமை', 'வாய்ப்பை நழுவ விடாதீர்' என்று வீணாக்கக்கூடாது. யாரும் அச்சொற்களைத் தேடுவதில்லை. ஆண்டு, ஊர், ஆசிரியர், பதிப்பகம், தரம் ஆகியவற்றை எழுத வேண்டும். தமிழ் நூல் விற்போருக்குத் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. திருக்குறள் என்ற ஒரு பெயரையே ரோமன் எழுத்தில் நான்கைந்து விதமாக எழுதுகிறார்கள். தலைப்பில் 'தி'யா, 'திரு'வா, ஒற்று வருமா வராதா என்று தேடுபவரும் குழம்புகிறார். பரவலான இரண்டு வடிவங்களைத் தலைப்பிலும், தமிழ் எழுத்தில் முழுப் பெயரை விளக்கத்திலும் கொடுப்பது பயன் தரும். தமிழில் பெரும்பாலான உயிர்மெய்கள் கணினிக் கணக்கில் இரண்டு இடம் பிடிப்பதால், தலைப்பு முழுவதையும் தமிழில் எழுத 80 இடம் போதாது.

கணக்கு

விற்ற விலை கையில் வரும் விலை அன்று. முன்னர்ச் சொன்ன நாணயத்தையே எடுத்துக்கொள்வோம். விலை 20 டாலர் 50 காசு. அஞ்சல் செலவாக நீங்கள் கேட்டது 8 டாலர். மொத்தம் 28 டாலர் 50 காசு. ஈபே தன் பங்கை அஞ்சல் செலவையும் சேர்த்தே கணக்கிடும். அமெரிக்கத் தளத்தில் பல பொருள்வகைகளுக்கு அது நூற்றுக்கு 13ஐ ஒட்டியோ சற்றுக் கூடுதலாகவோ இருக்கும். 13 என்றே வைத்தால் 3 டாலர் 70 காசு போய்விடும். உண்மையான அஞ்சல் கட்டணம் 9 டாலர், உறையும் அட்டையும் 1 டாலர் என்றால் மிஞ்சுவது 14 டாலர் 80 காசு. இதற்குமேல் ஒவ்வொரு விற்பனைக்கும் சிறு நிலைக்கட்டணம், பணமாற்று இழப்பு ஆகியவை உண்டு. ஒரு காலத்தில் பேபால் வழி வந்த பணம் இப்போது நம் வட்டார விற்பனையாளருக்குப் பேயோனியர் கணக்கின் வழியே வருகிறது. அதிலிருந்து உள்ளூர் வங்கிக்கு மாற்றும்போதும் ஒரு துண்டு போகும். பொருளின் அசல் விலையையும் கழித்த பிறகே இலாபம் என்ற சொல்லைப் பயன்படுத்தலாம்.

அஞ்சலில் பலர் ஏமாறுவது கன அளவு எடையில்தான். இலேசான ஆனால் பெரிய பெட்டிக்குக் கூரியர் நிறுவனங்கள் நீளம், அகலம், உயரம் ஆகியவற்றைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000 அல்லது 6,000ஆல் வகுத்துக் கட்டணம் கேட்கும். 40, 30, 30 என்ற அளவுள்ள பெட்டி, உள்ளே பஞ்சுப் பொம்மையே இருந்தாலும், 6,000ஆல் வகுத்தால் 6 கிலோ. ஆகவே பொருளைப் பொதிந்து, அளந்து, எடை போட்ட பிறகே ஏலத்தைத் தொடங்க வேண்டும். பழைய 78 சுற்று இசைத்தட்டுகள் அரக்கில் செய்தவை. கண்ணாடி போல் உடையும். இரண்டு தடித்த அட்டைகளுக்கு நடுவே வைத்து, பெட்டிக்குள் பெட்டியாக அனுப்ப வேண்டும். தடமறி எண் இல்லாத மலிவு அஞ்சலில் அனுப்பினால், "வரவில்லை" என்று வாங்குபவர் ஒரு வரி எழுதினாலே பணத்தைத் திருப்பித் தர நேரிடும்.

சுங்க வரியும் மாறிவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2021 ஜூலை 1இல் 22 யூரோவுக்குட்பட்ட பொட்டலங்களுக்கான மதிப்புக்கூட்டு வரி விலக்கை நீக்கியது. அமெரிக்கா 2025 ஆகஸ்டு 29இல் 800 டாலருக்குட்பட்ட பொட்டலங்களுக்கான தீர்வை விலக்கை நிறுத்தியது. இவ்வரிகளை யார் கட்டுவது என்பதை விளக்கத்திலேயே எழுதிவிடுங்கள். 'அன்பளிப்பு என்று எழுதி அனுப்புங்கள்' என்று வாங்குபவர் கெஞ்சினாலும் சுங்கப் படிவத்தில் பொய் எழுதக்கூடாது, கையெழுத்து உங்களுடையது.

ஏமாற்றும் சட்டமும்

நண்பர்களை விட்டுத் தன் பொருளுக்கு விலை ஏற்றச் சொல்வது நம்மிடையே ஒரு சிறு குறும்பாகக் கருதப்படுகிறது. அது மோசடி. 2010இல் இங்கிலாந்தில் தம் பொருளுக்குத் தாமே வேறு பெயரில் விலை கேட்ட ஒருவரை நீதிமன்றம் தண்டித்தது. ஒரே விடுதி இணைப்பிலிருந்து வரும் கேள்விகளைத் தளத்தின் கணினி எளிதில் அடையாளம் காணும்.

விற்பவரை ஏமாற்றும் வழிகளும் பல. 'பணம் அனுப்பிவிட்டேன்' என்று வங்கியின் பெயரில் போலி மின்னஞ்சல் வரும். 'பணத்தைப் பெற இந்த இணைப்பை அழுத்துங்கள்' என்று கேட்டு வங்கிக் கடவுச்சொல்லைக் கறப்பார்கள். பணம் பெறுவதற்குக் கடவுச்சொல் தேவையே இல்லை என்பதை நினைவில் வைத்தால் பாதி ஆபத்து நீங்கும். தவறுதலாகக் கூடுதல் தொகை அனுப்பிவிட்டதாகவும் மீதியைத் திருப்பி அனுப்பும்படியும் கேட்பார்கள். முதல் தொகையே வந்திருக்காது. உங்கள் வங்கிக் கணக்கில் பணம் இருப்பதைக் கணக்கைத் திறந்து பார்த்த பிறகே பொருளை அனுப்புங்கள். மலேசியாவில் ஒரு வங்கிக் கணக்கு எண் மீது புகார் உள்ளதா என்பதைக் காவல்துறையின் செமாக் மியூல் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். உங்கள் கணக்கை வேறொருவருக்குப் 'பணம் வந்து போக' இரவல் கொடுப்பது மட்டும் எக்காரணம் கொண்டும் கூடாது. பல மாணவர்கள் நீதிமன்றப் படியேறியது இதனால்தான்.

வீட்டில் கிடந்ததை எப்போதேனும் விற்பது வேறு. வாங்கி விற்பதைத் தொடர்ந்து செய்வது வேறு. பின்னது வணிகம். மலேசியாவில் வணிகத்தைத் தொடங்கிய 30 நாள்களுக்குள் மலேசிய நிறுவன ஆணையத்தில் பதிய வேண்டும். இணைய விற்பனையாளர் தம் பெயர், தொடர்பு விவரம், பொருளின் விளக்கம், முழு விலை ஆகியவற்றை வெளிப்படையாகத் தர வேண்டும் என்ற விதிமுறை 2013 ஜூலையில் நடப்புக்கு வந்தது. அதன் இடத்தை 2024இல் புதிய விதிமுறைகள் பிடித்தன. சிங்கப்பூரில் தம் முழுப்பெயரிலேயே வணிகம் செய்யும் தனியாளுக்குப் பதிவு விலக்கு உண்டு. ஆனால் அங்கே மாணவர் அனுமதி அட்டையில் படிக்கும் மலேசிய நண்பர்கள், வணிகம் செய்ய அந்த அட்டை இடம் தருவதில்லை என்பதை அறிந்திருக்க வேண்டும்.

கடைசியாக, வென்றவர் பணம் கட்டாவிட்டால் என்ன செய்வது? இது நடக்கும், முதல் மாதத்திலேயே நடக்கும். திட்டி எழுதாதீர்கள். நான்கு நாள் காத்திருந்து, 'பணம் செலுத்தவில்லை' என்ற காரணத்தைத் தேர்ந்து விற்பனையை நீக்கினால் தளத்தின் பங்கு உங்களுக்குத் திரும்பக் கிடைக்கும். பிறகு அடுத்த நிலையில் இருந்தவருக்கு அவர் கேட்ட விலையிலேயே பொருளைத் தர முன்வரலாம். அதற்கென்றே ஈபேயில் ஒரு பொத்தான் இருக்கிறது. அவர் ஏற்காவிட்டால் பொருளை ஒரு மாதம் பெட்டிக்குள் வைத்துவிட்டு மீண்டும் ஏலத்தில் விடுங்கள். உடனே விட்டால் 'ஏன் விற்கவில்லை?' என்று முன்பு பார்த்தவர்கள் ஐயப்படுவார்கள். அந்த ஒரு மாதத்தில், மறதியாக யாரும் அதைப் புளி போட்டுத் தேய்த்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.